பின்கொக்கி

ஜனவரி 7, புதன்

கலைக்கூடத்து நிர்வாகி மெர்லின் வீட்டுக்கு வந்திருந்தாள். "அக்கா, அங்கி தைக்க ஆரம்பிக்கற நாள்ல இருந்து தெனம் நாலு வரி எழுதி வைங்க. கண்காட்சி முடிஞ்சதும் அதையும் வாங்கிக்கறேன்" என்றாள். சரி என்று தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு யாரும் நிகரில்லை.

இதற்கென்று புது நோட்டு வாங்க மனமில்லை. தோள்பட்டை இறுகிக் கிடந்த சமயம் பிசியோதெரபிப் பெண் எழுதச் சொன்ன பயிற்சி நோட்டு பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது. அதைத் தலைகீழாகத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முன்பக்கங்களைப் பார்க்கவில்லை.

அங்கியைப் பற்றி எழுத வேண்டுமாம். ஒரே அங்கி, இரண்டு கழுத்து, மூன்று கை. நானும் என் கணவர் மோகனசுந்தரமும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒன்றாக மாட்டிக்கொள்ள வேண்டும். வெளிப்பக்கம் ஆளுக்கொரு கை. நடுவில் இருக்கும் மூன்றாவது கை அகலமானது. அவருடைய வலது கையும் என்னுடைய இடது கையும் அதற்குள் சேர்ந்து போகும். இதை மாட்டிக்கொண்டு பொங்கல் கழிந்து மூன்று வாரம், தினம் மூன்று மணி நேரம், பீளமேட்டில் கலைக்கூடமாக்கிய பழைய மில் கிடங்கில் ஜனங்கள் பார்க்க உட்கார்ந்திருக்கப் போகிறோம்.

யோசனை அவருடையது. இருபத்தைந்து வருஷம் ஓவிய ஆசிரியராக இருந்து விருப்ப ஓய்வில் வந்தவர். அவர் படத்தை இதுவரை காசு கொடுத்து வாங்கியவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவன் என் தம்பி. துணி என் தொழில் என்பதால் துணிக்கு வந்துவிட்டார். "தெனம் காத்தால உனக்குக் கொக்கி மாட்டி உடறேன்ல, அதுல தோணுச்சு கண்ணு. ரெண்டு பேரு, ஒரே துணி" என்றார்.

என் ஜாக்கெட் எல்லாம் பின்கொக்கி. மூன்று வருஷத்துக்கு முன் இடது தோள் இறுகி, கை முதுகுக்குப் போகாமல் நின்றது. அதிலிருந்து அவர்தான் மாட்டி விடுகிறார். ஆறு கொக்கி, ஒரு நிமிஷம். முன்கொக்கியாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று பிசியோ பெண் அப்போதே சொன்னாள். நான் தையல்காரி, ஒரு மத்தியானம் உட்கார்ந்தால் பத்து ஜாக்கெட்டையும் மாற்றிவிடலாம். நேரம் அமையவில்லை.

போன வாரம் மைசூரிலிருந்து ஷைலஜா பேசினாள். பத்து வருஷத்துக்கு முன் அவளுடைய நாடகக் குழுவுக்கு உடுப்புத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். இப்போது பெரிய நாடகம் போடுகிறார்களாம். எட்டு மாதம் அங்கேயே தங்கி உடுப்புப் பிரிவை முழுக்க நான் பார்த்துக்கொள்ள வேண்டும், எனக்குக் கீழே ஆறு பேர். பணம் உறுதியானதும் கூப்பிடுகிறேன் என்றாள். போக வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசையாக இருக்கிறது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. கண்காட்சி நடக்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

ஜனவரி 10, சனி

துணி வெட்டினேன். வெளுக்காத கோரா நிறத்தில் கனத்த பருத்தி. கத்தரி பிடித்துக் கட்டை விரல் காய்த்துவிட்டது.

அவர் கொடுத்த படத்தில் கழுத்தை எப்படித் திறப்பது என்று எதுவும் இல்லை. அவருக்குத் துணி என்றால் நிறமும் மடிப்பும்தான், திறப்பைப் பற்றி ஓவியர்கள் கவலைப்பட மாட்டார்கள் போல. நானே வைத்துவிட்டேன். அவர் பக்கம் முன்னால் பொத்தான், என் பக்கம் பின்னால் ஆறு கொக்கி. ஒரு பையும் வைத்தேன், அவர் பக்கம். இதெல்லாம் தைத்து இஸ்திரி போடும்போதுதான் ஏன் இப்படி என்று கொஞ்சம் தோன்றியது. பிரிக்கச் சோம்பலாக இருந்தது.

ஜனவரி 12, திங்கள்

நடுக்கைக்குத் துணி பற்றவில்லை. மறுபடி டவுன்ஹால் துணிக்கடைக்குப் போனேன். திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடமில்லை. வலது கையில் துணிப்பை, இடது கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு முழு வழியும் நின்றே வந்தேன். கால் விட்டுப்போயிற்று.

ஜனவரி 14, புதன்

போகி. வீட்டில் எரிக்க ஒன்றுமில்லை. சுவரெல்லாம் போன வருஷம் இதே சமயம் அவரே அடித்த பெயிண்ட்தான், இன்னும் பளிச்சென்று இருக்கிறது. துடைத்ததோடு சரி.

பரணில் இருந்த பொங்கல் பானையை எடுக்க நான் முக்காலி போட்டதும் ஓடி வந்தார். "நீ கையத் தூக்காத. நா எடுக்கறேன்." எடுத்தார். துவைத்த துணியைக் கொடியில் போடுவதும் அவர்தான். கல்யாணமான புதிதில் ஒரு டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத மனுஷன். தோள் இறுகினாலும் இறுகியது, வீட்டில் ஒரு ஆள் கூடியது.

ஜனவரி 17, சனி

கண்காட்சி திறந்தார்கள். நாற்பது பேர் இருக்கும்.

வாசலில் அட்டை வைத்திருக்கிறார்கள். 'இருவர் அங்கி — மோகனசுந்தரம்' என்று பெரிதாக. கீழே பொடி எழுத்தில் 'தையல்: பூங்கோதை'. மெர்லின் என்னைப் பார்த்து, "அக்கா, சார் அனுப்பினத அப்படியே போட்டேன்" என்றாள். பரவாயில்லை என்றேன்.

மாட்டிக்கொள்வதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் நான் நுழைய வேண்டும். அவர் வெளியே நின்றபடி என் முதுகில் ஆறு கொக்கியையும் மாட்டுவார். அப்புறம் அவர் தன் பக்கம் நுழைந்து தன் பொத்தானைப் போட்டுக்கொள்வார். கழற்றும்போது இதற்கு நேர்மாறு. முதலில் அவர் வெளியே வந்து, பிறகு என்னை அவிழ்த்து விட வேண்டும்.

உள்ளே இருந்துகொண்டு மொச்சை உரித்தோம். இது அவர் ஏற்பாடு, 'அன்றாட வாழ்க்கை' காட்டுவதற்கு. அவருடைய இடது கையும் என்னுடைய வலது கையும்தான் வெளியே. அவர் காயைப் பிடிக்க, நான் பிதுக்கி எடுக்க, மூன்று மணி நேரத்தில் ஒரு படி. வந்தவர்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். நடுக்கைக்குள் அவர் என் விரல்களைப் பிடித்திருந்தார். வேர்த்து வழிந்தது, அவர் விடவில்லை.

ஆறு வருஷமாக அவர் படம் வரையும் அறையிலேயே படுத்துக்கொள்கிறார். சண்டை ஒன்றுமில்லை. ஒரு தடவை விடிய விடிய வரைந்துவிட்டு அங்கேயே தூங்கினார், அப்புறம் பாயும் தலையணையும் அங்கே போயிற்று. எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். இன்றைக்கு அந்த மூன்று மணி நேரமும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இடுப்புதான் கழன்றுவிடும் போலிருந்தது.

ஜனவரி 18, ஞாயிறு

உடை வடிவமைப்புப் படிக்கும் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். அதில் ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒருத்தி மட்டும் எங்களைச் சுற்றி இரண்டு தடவை நடந்தாள். என் முதுகுப் பக்கம் போய் ரொம்ப நேரம் நின்றாள்.

"மேடம், திடீர்னு தீப் புடிச்சா நீங்க எப்படி வெளிய வருவீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "நான் இருக்கேன்ல, கழட்டி உட."

"இல்லீங் சார், நீங்க முன்னாடியே பொத்தானக் கழட்டிட்டு வந்தர்லாம். அவிய வரமுடியாதில்ல. அது வேணும்னு வெச்சதுங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. "வேணும்னு இல்லம்மா. நாந்தான் தெச்சேன். பழக்கத்துல வெச்சுட்டேன்" என்றேன். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அவர், "நல்ல கேள்விதான். ஆனா உன்ற தோளு விசயம் அதுக்குத் தெரியாதில்ல" என்றார்.

ஜனவரி 19, திங்கள்

கலைக்கூடம் விடுமுறை. அங்கியைத் துவைத்தேன். ஈரத்தில் பிணம் கனம் கனத்தது. அவர் கொடியில் போட்டார்.

ஜனவரி 23, வெள்ளி

இன்று நடந்ததை எழுதத் தெம்பில்லை. இருந்தாலும் எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது.

ஐந்தரை மணி இருக்கும். பத்துப் பதினைந்து பேர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். என் செல்போன் அடித்தது. அங்கியில் இருக்கும் ஒரே பை அவர் பக்கம் என்பதால் இரண்டு போனும் அதில்தான் கிடக்கும். அவர் எடுத்துப் பார்த்து, "ஷைலஜான்னு வருது. அந்த மைசூர்க்காரியா?" என்றார். நான் கை நீட்டுவதற்குள் பட்டனைத் தட்டிவிட்டார். சத்தத்தையும் கூட்டிவிட்டார், காட்சியின் ஒரு பகுதி போல.

"பூங்கோதை, எல்லாம் ஓகே ஆயிடுச்சு. மார்ச் ஒண்ணுலேர்ந்து வேலை ஆரம்பம். பிப்ரவரி பாதியிலயே வந்துட்டா நல்லது. எட்டு மாசம்னு சொன்னேனே, நீங்க ரெடிதானே?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரே அங்கிக்குள் இருந்துகொண்டு முகத்தைத் திருப்பிப் பார்ப்பதென்றால் மூச்சு கன்னத்தில் படும். எட்டு மாதம் என்று அவர் உதடு மட்டும் அசைந்தது. அப்புறம் போனில் பேசினார்.

"நா அவ வீட்டுக்காரர் பேசறனுங்க. அவளுக்கு ஆச இருக்குமுங்க, ஆனா ஒடம்பு ஒத்துழைக்கோணுமில்லீங்களா. இடது தோளு மூணு வருசமா இறுகிப் போச்சு. கையத் தூக்கவே முடியாது. சாக்கெட்டுக் கொக்கிகூட நாந்தானுங்க மாட்டி உடறேன். எட்டு மாசம் தனியா ஊருல விட்டா அவ என்ன பண்ணுவா?"

எதிரே இருந்தவர்களில் இரண்டு பெண்கள் 'ச்சு' கொட்டினார்கள். ஒருத்தி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, எனக்குத் தெரியாதே" என்றாள் ஷைலஜா. "அவங்க பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கா, இருக்கா. ஏங்கண்ணு, நா சொல்றது சரிதானே?"

நடுக்கைக்குள் என் விரலை இறுக்கிப் பிடித்திருந்தார். நான் தலையை ஆட்டினேன். தலையாட்டினால் போனில் கேட்காது என்று வாயாலும் "ஆமாங்" என்றேன்.

"சரி, எட்டாம் தேதி வரைக்கும் வேற யாரையும் போடாம பாக்கறேன். கை கொஞ்சம் தேவலைன்னா கூப்பிடுங்க. இல்லேன்னா வேற ஆள் பாத்துடுவேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லி ஷைலஜா வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் மொச்சை உரித்தோம். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீ" என்றார். குரலில் கோபமில்லை, அடிபட்ட குரல். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். எனக்குத்தான் கோபம் வந்திருக்க வேண்டும். என் வேலையை, என் போனில், என் வாயை வைத்தே வேண்டாம் என்று சொல்ல வைத்துவிட்டார். ஆனால் கோபப்பட ஒரு வார்த்தை பேசினால் அடுத்த வார்த்தை எதுவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் ரசம் ஊற்றிக்கொண்டேன்.

ஜனவரி 24, சனி

மொச்சை. மூன்று மணி நேரம். கால் வீக்கம்.

ஜனவரி 26, திங்கள்

விடுமுறை. அவர் படச்சட்டம் வாங்கப் போனார். நான் நோட்டைத் திருப்பி முன்பக்கங்களைப் படித்தேன்.

'சுவரில் விரல் ஏற்றும் பயிற்சி' என்று தலைப்பு. சுவரைப் பார்த்து நின்றுகொண்டு இடது கை விரல்களை எறும்பு ஊர்வது போல மேலே ஏற்ற வேண்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி குறிக்க வேண்டும். அடுக்களைக்குப் போகும் வழியில் பீரோவுக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கும் சுவரில் செய்தேன். முதல் நாள் நாற்பத்தொரு அங்குலம். வலி பத்துக்கு ஒன்பது. அப்புறம் நாற்பத்து மூன்று. நாற்பத்து நான்கு. ஒரு மாதம் அங்கேயே நின்றது, அழுதிருக்கிறேன், தாளில் மை கலங்கியிருக்கிறது. பிறகு ஐம்பது, அறுபது. கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: 'எழுபத்து நான்கு அங்குலம். வலது கைக்குச் சமம். வலி இல்லை. முதுகுக்கும் போகிறது.'

அது இரண்டு வருஷத்துக்கு முந்தைய டிசம்பர்.

சரி, எழுதிவிடுகிறேன். எனக்குத் தோளில் ஒன்றுமில்லை. இரண்டு வருஷமாக ஒன்றுமில்லை.

அன்றைக்கே சொல்லத்தான் நினைத்தேன். காலையில் குளித்து வந்து, இனி நானே மாட்டிக்கொள்வேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் வழக்கம்போல் அறையிலிருந்து எழுந்து வந்து என் பின்னால் நின்றார். தூரிகை பிடித்த விரல் என்பதால் கொக்கி மாட்டும்போது அவசரப்பட மாட்டார். ஒவ்வொன்றாக மேலிருந்து கீழே. முதுகில் மூச்சு படும். கடைசிக் கொக்கி மாட்டியதும் இரண்டு விரலால் தோளை ஒரு தட்டுத் தட்டுவார். ஒரு நாளில் அவர் என்னைத் தொடுவது அந்த ஒரு நிமிஷம்தான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நாளைக்கு இரண்டு வருஷமாகிவிட்டது.

ஒரு நிமிஷத்துக்காகக் கையில்லாதவளாக இருந்திருக்கிறேன். இப்போது அந்தக் கை வேலைக்கு வேண்டியிருக்கிறது, திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. யாரை நோவது?

இந்த நோட்டை மெர்லினிடம் கொடுக்க முடியாது.

ஜனவரி 29, வியாழன்

ஏதோ பத்திரிகையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர் உற்சாகமாகப் பேசினார். "இதுல யாரும் யாரையும் கட்டிப் போடலீங்க. ரெண்டு பேரும் அவங்கவங்க இஷ்டத்துல உள்ள வந்திருக்கோம். நெருக்கம்ங்கறது வேற, சிறைங்கறது வேற."

எனக்கு அப்போது ஒன்றுக்கு முட்டிக்கொண்டிருந்தது. "ஏனுங்க" என்று மெதுவாகச் சொன்னேன். "ஒரு நிமிசம் கண்ணு" என்றார். இன்னொரு தடவை சொன்னேன். சிறையைப் பற்றி இன்னும் இருபது நிமிஷம் பேசினார். அப்புறம்தான் அவர் வெளியே வந்து என்னை அவிழ்த்து விட்டார். ஓடினேன். திரும்பி வரும்போது சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் தெம்பில்லாமல் மறுபடி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

பிப்ரவரி 2, திங்கள்

விடுமுறை. அவர் மில் கிடங்குக்கு விளக்கு மாற்றப் போயிருந்தார்.

பீரோவுக்கும் கதவுக்கும் நடுவில் நின்று விரலை ஏற்றிப் பார்த்தேன். சரசரவென்று மேலே போயிற்று. பழைய கோடுகளைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. பெயிண்ட் அடித்ததில் போயிருக்கிறது.

ஷைலஜாவின் எண்ணை மூன்று தடவை எடுத்து வைத்தேன். கை தேவலை என்று சொல்ல வேண்டும். இரண்டே வார்த்தை. ஆனால் அவளிடம் சொல்வதற்கு முன் இவரிடம் சொல்ல வேண்டும். ஊருக்கே கேட்கும்படி ஆமாங் என்றவள் எந்த முகத்தோடு சொல்வது? இரண்டு வருஷம் என்னை முட்டாளாக்கினாயா என்று கேட்டால் என்ன பதில் இருக்கிறது என்னிடம்?

இன்னும் ஆறு நாள்.

பிப்ரவரி 5, வியாழன்

மொச்சைப் பருவம் முடிகிறது. மெர்லின் பட்டாணி வாங்கி வைத்திருந்தாள். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 7, சனி

சொல்லவில்லை. கொக்கி மாட்டும்போது, "நாளையோட முடியுது. அடுத்து கொச்சியில கூப்புடறாங்க, மூணு மாசம். போலாமில்ல?" என்றார். முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டார். என் முகம் அவருக்குத் தெரியாது.

பிப்ரவரி 8, ஞாயிறு

கடைசி நாள் என்பதால் நல்ல கூட்டம். நிற்க இடமில்லாமல் படியிலும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கண்ணாடிப் பெண்ணும் வந்திருந்தாள்.

இன்றைக்குச் செய்ய வேண்டும் என்று நான் எதையும் முடிவு பண்ணிக்கொண்டு போகவில்லை. பெரிய தைரியசாலி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆறே கால் மணிக்கு ஒரு பட்டாணிக் காயைப் பிதுக்கிக்கொண்டிருந்தேன். எட்டாம் தேதி இன்னும் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அலுத்துவிட்டது. உண்மையில் அவ்வளவுதான். பொய்யைச் சுமந்து அலுத்துவிட்டது.

நடுக்கைக்குள் என் விரல்களை அவர் விரல்களிலிருந்து உருவினேன். அவர் என்னவென்று பார்த்தார். இடது கையை நடுக்கையிலிருந்து வெளியே இழுத்துக் கழுத்து வழியாக மேலே கொண்டுவந்தேன். வலது கையையும் உருவினேன். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, முழங்கையை மடக்கி, பின்னால் கொண்டுபோய் முதல் கொக்கியைக் கழற்றினேன். அப்புறம் கீழேயிருந்து கையைத் திருப்பிக் கொடுத்து மற்ற ஐந்தையும். விரல் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. துணி தோளிலிருந்து நழுவி விழுந்தது. உள்ளே போட்டிருந்த சுடிதாரோடு எழுந்து, தாண்டி, வெளியே வந்து நின்றேன்.

கூட்டம் கை தட்டியது. காட்சி இப்படித்தான் முடிகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். கண்ணாடிப் பெண் மட்டும் தட்டவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பாதி அங்கிக்குள், மீதிப் பாதி தரையில் கிடக்க, மடியில் பட்டாணித் தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

எல்லோரும் போன பிறகு பின்னறையில் பேசினோம்.

"என்ற தோளு நல்லாத்தான் இருக்குதுங்க. ரெண்டு வருசமா நல்லாத்தான் இருக்குது. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

அவர் அங்கியை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பு சரியாக வரவில்லை, பிரித்து மறுபடி மடித்தார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"போன வருசம் போகிக்குப் பெயிண்ட் அடிச்சேன்ல. கிட்டப் போயிப் பாத்தா பீரோவுக்குப் பக்கத்துச் செவுத்துல பூரா பென்சில் கோடு. தேதி போட்டு வெச்சிருந்தே. மேல்கோடு என்ற தலைக்கு மேல இருந்துது." மடிப்பை நீவினார். "அந்த எடத்துக்கு மட்டும் ரெண்டு கோட்டிங் அடிச்சேன்."

நான் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருஷம். ஒரு வருஷமாக அவரும் தெரிந்துகொண்டேதான் மாட்டியிருக்கிறார்.

"ஏன் கேக்கலீங்க?"

"கேட்டா நீயே மாட்டிக்குவே. அப்புறம் நா எதுக்கு உன்ற ரூமுக்கு வர்றது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அதோடு விட முடியவில்லை. "அப்ப ஷைலஜாகிட்ட எதுக்கு அப்படிச் சொன்னீங்க? பொய்யின்னு தெரிஞ்சே எல்லார் முன்னாடியும் சொன்னீங்களே. என்னையும் ஆமான்னு சொல்ல வெச்சீங்களே."

அவர் அங்கியை மறுபடி பிரித்தார். அப்புறம் தரையைப் பார்த்துச் சொன்னார். "வேற என்னத்தச் சொல்லி உன்ன நிறுத்தறது? எங்கிட்ட வேற ஒண்ணுமில்லியே."

"போகாதன்னு சொல்லிருக்கலாமில்ல."

"சொன்னா இருந்திருப்பியா?"

"தெரியலீங்க" என்றேன். அதுதான் உண்மை.

போனை எடுத்து அவர் முன்னாலேயே ஷைலஜாவைக் கூப்பிட்டேன். கை தேவலையா என்று கேட்டாள். "கை நல்லாருக்குதுங்க. அன்னிக்கு நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன். நான் வர்றேன்" என்றேன். அவர் அங்கியை மூன்றாவது தடவையாக மடித்தார்.

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் நானே கொக்கி மாட்டிக்கொண்டேன். அவர் அறையில் விழித்துக்கொண்டுதான் இருந்தார், இருமல் கேட்டது. கதவு திறக்கவில்லை.

பிப்ரவரி 11, புதன்

பெட்டி கட்டினேன். கத்தரி இரண்டு, அளவு நாடா, நான் பழகிய ஊசிப் பெட்டி. கொச்சிக்கு வரவில்லை என்று அவரே சொல்லிவிட்டாராம். மெர்லின் அங்கியைக் கலைக்கூடத்திலேயே வைத்துக்கொள்கிறேன் என்றாள். அட்டையை மாற்றி அச்சடித்துக் காட்டினாள். இரண்டு பேர் பெயரும் ஒரே அளவு எழுத்தில். சார்தான் மாற்றச் சொன்னார் என்றாள். நோட்டைக் கேட்டாள், தொலைந்துவிட்டது என்றேன். ஒரு பொய்யை விட்டுவிட்டேன் என்பதற்காக எல்லாப் பொய்யையும் விட முடியுமா?

பிப்ரவரி 13, வெள்ளி

மைசூர் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். சத்தியமங்கலம் பஸ் நிலையத்தில் டீக்கு நின்று இப்போதுதான் கிளம்பியது.

காலையில் குளித்துவிட்டு வந்து ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, அவர் அறைக் கதவைத் தட்டினேன். திறந்தார். தூங்கின முகமில்லை.

"கை நல்லாத்தான் இருக்குது. இருந்தாலும் மாட்டி உடுங்க" என்றேன்.

முதுகைத் திருப்பி நின்றேன். அவர் கை பட ரொம்ப நேரமாயிற்று. ஒவ்வொன்றாக மாட்டினார். ஆறாவது முடிந்தும் கையை எடுக்கவில்லை.

"அங்க ஆரு மாட்டி உடுவாங்க?"

"நானே மாட்டிக்குவேனுங்க."

"சரி" என்றார். இரண்டு விரலால் தோளைத் தட்டினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தார். ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். மாதம் ஒரு தடவை வரட்டுமா என்று கேட்டார். வாங்க என்றேன்.

பஸ்ஸில் வரும்போது முதுகில் ஏதோ இழுத்துக்கொண்டே இருந்தது. சத்தியமங்கலத்தில் இறங்கியதும் கழிப்பறைக்குப் போய்த் தடவிப் பார்த்தேன். மேலிருந்தே ஒரு கொக்கி தள்ளி மாட்டியிருக்கிறார். ஆறும் தப்பு. மூன்று வருஷத்தில் ஒரு நாளும் அவர் தப்பாக மாட்டியதில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு, கையைப் பின்னால் கொடுத்து ஆறையும் கழற்றி நேராக மாட்டிக்கொண்டேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அப்புறம் அங்கேயே நின்று அழுதேன். வெளியே கண்டக்டர் விசில் கொடுக்கிற வரைக்கும் அழுதேன்.